வாய்விட்டுப் பயந்தவர்

குன்னூரில் ஏசி விற்கப் போகிறேன் என்றதும் எங்கள் கோயம்புத்தூர் அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் பிறந்து வளர்ந்தவன் நான். ஃபேன்கூட இல்லாத வீடு எங்களுடையது. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் என்னை வரச்சொன்ன மனிதர் சிரிக்கவில்லை. நான் நீட்டிய கார்டை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே சொன்னார்:

“இந்த வேலைய நெனச்சாலே எனக்குப் பயமா இருக்குதுங்க.”

ஆறடி உயரம். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் தோள்கள். கழுத்தில் சுற்றிய மஃப்ளர், அதற்கு மேல் நரைத்த கனத்த மீசை. வியாபாரத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். விலை கட்டாது என்பார்கள், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள், வேறொரு கம்பெனியின் பெயரைச் சொல்லி மிரட்டுவார்கள். பயமாக இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னவரை அன்றுதான் பார்த்தேன். சொல்லிவிட்டு அவர் கூச்சப்படவும் இல்லை. என் முகத்தைப் பார்த்து, “உங்களுக்கு?” என்று கேட்டார்.

இதெல்லாம் எங்களுக்குச் சாதாரணம் சார் என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

கீழ்பஜாரில் நெடுங்காலம் இரும்புக்கடை நடத்தியவர் அவர். தகரம், ஆணி, சிமெண்ட், குழாய். அந்த உழைப்பில் குன்னூர் மவுண்ட் ரோட்டுச் சரிவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பியிருந்தார். மேல்மாடி முழுவதும் ஒரே ஹால். அதைச் சென்னைக் கம்பெனி ஒன்று வாடகைக்குக் கேட்டது. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. எண்பது கம்ப்யூட்டர், எண்பது பேர். கம்ப்யூட்டர் படித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் மலையிறங்கிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஊரிலேயே வேலை வருகிறது என்றதும் அந்தக் கட்டடத்தின்மேல் பல வீடுகளின் கண் விழுந்திருந்தது. கம்பெனி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டது. ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து கீபோர்டு நனைகிறது, மூடினால் மெஷின்களின் சூட்டில் உட்கார முடியாது. அதனால் ஏசி போட்டுத் தரவேண்டும், அதுவும் சீக்கிரம்.

அவருக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. ‘பயமாருக்கார்’. அவர் காதுபடவே சொல்வார்கள். அதற்கும் அவர் கோபப்பட்டதில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலேறும் பஸ்ஸில் நடந்ததைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டிரைவர் வளைவுகளில் லாரிகளை முந்திக்கொண்டு போயிருக்கிறான். பர்லியாருக்குக் கொஞ்சம் முன்னால் இவர் எழுந்து நின்று, “ஏனுங்க டிரைவர், எனக்குப் பயமா இருக்குது, நிறுத்துங்க” என்றாராம். பஸ்ஸே சிரித்தது. இவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அன்று அவருடைய மைத்துனிக்கு நிச்சயதார்த்தம். பாதி உறவு அந்தப் பஸ்ஸில்தான் இருந்தது. ஒரு டீத்தூள் லாரியைப் பிடித்து அவர் வந்து சேர்ந்தபோது விசேஷம் முடிந்து பந்தி எடுத்திருந்தார்கள்.

“பஸ் நல்லபடியாத்தானே போய்ச் சேந்துச்சு? வீணா எறங்குனோம்னு தோணலீங்களா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“சேந்துச்சுங்க. உள்ள இருந்ததெல்லாம் நம்ம சனம். சேந்தது நல்லதுதானுங்க.”

“அப்ப நீங்க பயந்தது தப்புத்தானே?”

“பயந்தது பயந்ததுதானுங்க. அதுல தப்பென்ன, ரைட்டென்ன?”

அவர் மனைவி இன்னொன்று சொன்னார். கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்தபடி, இத்தனை பெரிய ஆள், இந்த அம்மாவின் பக்கம் லேசாகச் சாய்ந்து, “எனக்குப் பயமா இருக்குது, உங்களுக்கு?” என்று கேட்டிருக்கிறார். “அதுவரைக்கும் கையும் காலும் நடுங்கிட்டுத்தான் இருந்துச்சு. அவரு கேட்டதும் சிரிச்சுப்போட்டேன். அப்பறம் நடுக்கமில்ல,” என்றார் அந்த அம்மா.

ஆனால் ஒரு வேலையில் அவரோடு சேர்ந்தால் சிரிப்பு வராது. எரிச்சல்தான் வரும்.

அந்த ஹாலுக்கு ஏசி தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் ஆனது. சுவரெல்லாம் சின்னச் சின்ன மெஷின்களை மாட்டலாம். இல்லையென்றால் எல்லாமே ஒரு பெட்டிக்குள் அடங்கிய மெஷினை மொட்டைமாடியில் வைத்து, தகரக் குழாய் வழியாகக் காற்றைக் கீழே இறக்கலாம். இரண்டாவதுதான் சரி என்று சென்னைக் கம்பெனியின் மேனேஜர் சொல்லிவிட்டார். எத்தனை பெரிய பெட்டி என்பதில்தான் போட்டி. எனக்கு முன்னால் வந்துபோன வேறொரு ஏசிக்காரர் இருப்பதிலேயே பெரிய பெட்டிக்கு விலை சொல்லியிருந்தார். சுவிட்சைப் போட்டால் ஐந்தே நிமிடத்தில் ஹால் ஜில்லென்று ஆகிவிடும் என்று சொன்னாராம்.

“அஞ்சு நிமிசத்துல ஆகற எதுவும் எனக்குப் பயமுங்க,” என்றார் இவர்.

பயந்தது நல்லதுக்குத்தான். குன்னூரில் சூடு பெரிய எதிரி இல்லை, ஈரம்தான் எதிரி. தேவைக்கு மேல் பெரிய மெஷின் வைத்தால் சட்டென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். காற்றில் உள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரமிருக்காது. கொஞ்ச நாளில் சுவரில் பூஞ்சை பிடிக்கும், கம்பளம் நாறும். அளவான பெட்டி நிதானமாக, நெடுநேரம் ஓடவேண்டும். அதையும் ஒன்றாக வைக்காமல் இரண்டாக வைத்தால், ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும். மார்கழிக் குளிரில் அதே பெட்டி திருப்பி ஓடிச் சூடான காற்றைத் தரும். இதையெல்லாம் படம் போட்டுச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“எம்பது பேரு மூச்சு விடறாங்க. புதுக் காத்து எங்கிருந்துங்க வருது?”

பெட்டியின் பக்கவாட்டில் அதற்கென்று ஒரு வாய் இருக்கிறது என்றேன். ஜெனரேட்டர் புகைக்கு எதிர்ப்பக்கமாக அதை வைக்கப்போவதாகவும் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை. என்னை மாடிக்குக் கூட்டிப்போய், ஜெனரேட்டரை ஓடவிட்டு, நான் காட்டிய இடத்தில் நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். உயரம் என்றால் அவருக்குப் பயம். ஒரு கையைப் படிக்கட்டுச் சுவரிலிருந்து எடுக்கவேயில்லை.

அடுத்து ஜன்னல். முழுக்கக் கண்ணாடி போட்டு அடைத்துவிட வேண்டும் என்றார் மேனேஜர். ஒன்றுவிட்டு ஒரு ஜன்னலாவது திறக்கும்படி இருக்கவேண்டும் என்றார் இவர்.

“கரண்ட் போயி, ஜெனரேட்டரும் நின்னுபோச்சுன்னா உள்ள இருக்கற புள்ளைக என்ன பண்ணுவாங்க?”

“அஞ்சு பத்து நிமிஷம் சார், அதுக்குப் போய்…” என்று இழுத்தார் மேனேஜர்.

“எனக்கு அந்த அஞ்சு பத்து நிமிசம்தானுங்க பயம்.”

கடைசியாகப் பாரம். ஒவ்வொரு பெட்டியும் ஒரு சின்னக் காரின் எடை. மாடியின் நடுவில் வைத்தால் குழாய் போட வசதி. தளம் தாங்கும் என்று கட்டட இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார். இவர் அந்த இன்ஜினியருக்குக் காப்பி வரவழைத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, “நீங்க சொல்றது புரியுதுங்க. பயம் போகலீங்களே,” என்றார்.

அறையில் இவருடைய மகனும் இருந்தான். இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் கடையைப் பார்க்க வந்திருந்தவன். கம்பெனியைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்ததே அவன்தான். எழுந்து நின்றான்.

“ஊரே சிரிக்குதுப்பா. கோயம்புத்தூர்ல வேற பில்டிங் பாத்துட்டாங்களாம். நீங்க பயந்து பயந்தே எல்லாத்தையும் கெடுக்கப் போறீங்க.”

“கெட்டுதுன்னா என்ற மேல போடு கண்ணு.”

மகன் கதவை அறைந்துவிட்டுப் போனான். அவர் என்னிடம் திரும்பி, “வேற வழி இருக்குதுங்களா?” என்றார்.

இருந்தது. தூண்களின் தலைமேல் கனத்த இரும்பு உத்திரங்களைப் போட்டு, இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்றாகப் பெட்டிகளை உட்கார வைக்கலாம். தளத்தில் பாரமே விழாது. குழாயை வெளிச்சுவர் வழியாக இறக்கினால் தளத்தை உடைக்கவும் வேண்டாம், மழைநீர் ஒழுகவும் செய்யாது. வேலைதான் அதிகம். அதைத்தான் செய்தோம். இன்று அவர் இல்லை. அந்தக் கம்பெனியும் கொஞ்ச வருடம் இருந்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. ஆனால் அது இருந்தவரை அந்த ஹாலில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கரண்ட்டும் ஜெனரேட்டரும் சேர்ந்து போன நாட்களில் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சாலையைப் பார்த்து அரட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது பெட்டிகளை மாடிக்கு ஏற்றிய நாளைப் பற்றி.

ஐப்பசி மாதம். இரண்டு நாள் மழைக்குப் பிறகு வானம் வெளுத்திருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கிரேன் வந்தது. மதியம்வரை சாலையை அடைத்துக்கொள்ளப் போலீஸில் அனுமதி. கிரேனை நிறுத்த ஒரே இடம்தான் இருந்தது. அங்கிருந்து தூக்கினால் பெட்டி பக்கத்துக் கட்டடத்தின் மேலாகத்தான் போகவேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட தாழ்வான கட்டடம் அது. உள்ளே தையல் வகுப்பு நடந்தது. சர்ச் தெருவைச் சேர்ந்த டீச்சர் ஒருவர் பத்துப் பதினைந்து பெண்களை வைத்து நடத்திவந்தார். முதல்நாள் சாயங்காலமே இவர் போய், பெட்டி ஏறும்வரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு வந்தார். காலையில் மறுபடியும் போய் வாசலில் நின்றார்.

“ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் இருக்குதுங்க. வெளிய நின்னா யாரு தைக்கறது?” என்றார் டீச்சர்.

“தயவு பண்ணுங்க டீச்சர். எனக்குப் பயமா இருக்குது.”

முணுமுணுத்துக்கொண்டேதான் எல்லோரும் வெளியே வந்தார்கள். பாதி தைத்த நீலப் பாவாடைகளை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரமாக உட்கார்ந்து, கையால் தைக்க வேண்டியதைத் தைத்தார்கள்.

முதல் பெட்டி பூவைத் தூக்கி வைத்ததுபோல ஏறிவிட்டது. கிரேன் ஓட்டியவன் இளைஞன், வாயாடி. “இதெல்லாம் ஒரு வெயிட்டாங்ணா?” என்று கேட்டுக்கொண்டே தூக்கினான். பெட்டியை உத்திரத்தில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டு எங்கள் ஆட்கள் மாடியிலிருந்து கை காட்டினார்கள். எல்லோருக்கும் தெம்பு வந்துவிட்டது. இரண்டாவது பெட்டிக்குச் சங்கிலி மாட்டும்போது இவர் மட்டும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மஞ்சு ஏறுதுங்க. இத நாளைக்கு வெச்சுக்கலாம்.”

பார்த்தேன். கீழே, மரங்களுக்கு நடுவில், வெள்ளையாகக் கொஞ்சம் மூடுபனி கிடந்தது. அது வந்துசேர நேரமாகும் என்று நினைத்தேன், சொல்லவும் சொன்னேன். நாளைக்குக் கோத்தகிரியில் வேலை இருக்கிறது, இன்னும் பத்து நாளைக்குக் கிரேன் கிடைக்காது என்றான் கிரேன்காரன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மகன் அப்பாவின் அருகில் வந்தான். அவன் கத்தவில்லை. தாழ்ந்த குரலில் பேசினான்.

“இந்த ஒரு தடவ விட்டுருங்கப்பா. இத்தன பேரு முன்னாடி எனக்காக இந்த ஒரு தடவ.”

அவர் மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னை, கிரேனை, பள்ளத்தாக்கை. “சரி கண்ணு,” என்றார். அவர் தன் பயத்தை விழுங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

மகன் மாடிக்கு ஓடினான். பெட்டி சுழலாமல் இருக்க அதில் கட்டிய கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டான்.

பெட்டி மொட்டைமாடியை எட்டும் உயரத்துக்கு ஏறியிருக்கும். என் கன்னத்தில் ஈரம் பட்டது. மலைக்காரனான நானே அப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததில்லை. முதலில் மாடி மறைந்தது. பிறகு பெட்டி மறைந்தது. கடைசியில் கிரேனின் கையே பாதியில் வெட்டியதுபோல நின்றது. மாடியிலிருந்து சைகை காட்டிய ஆள் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. கிரேன்காரன் நிறுத்தினான். கூடவே காற்றும் கிளம்பியது.

“ஆடுது! ஆடுது!” மேலே இருந்து மகனின் குரல்.

இடிபோல ஒரு சத்தம். பெட்டி கைப்பிடிச் சுவரில் மோதியிருக்கிறது. செங்கற்கள் பெயர்ந்து தையல் வகுப்பின் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தன. பெண்கள் அலறினார்கள். “எறக்கு! எறக்கு!” என்றார் மேனேஜர். “தூக்கு, தூக்கு, மேல ஆளு இருக்குது!” என்று எங்கள் மேஸ்திரி கத்தினார். நானும் ஏதோ கத்தினேன், என்னவென்று நினைவில்லை. கிரேன்காரனின் கைகள் லிவர்களின் மேல் இருந்தன. ஒரு கை தவறி அசைந்தாலும் பெட்டி மேலே இருப்பவர்களை அடித்துத் தள்ளிவிடும்.

அவர் கிரேனின் படியில் ஏறினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“தம்பி, பயமா இருக்குதுங்களா?”

“இல்லீங்ணா.” பல் கிட்டியிருந்தது.

“எனக்கு இருக்குது. மேல நிக்கறது என்ற பையன்.”

கிரேன்காரன் திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் வியர்வை, அந்தக் குளிரிலும். “இருக்குதுங்ணா,” என்றான். “கை வரமாட்டேங்குது. என்ன பண்றதுன்னே தெரியலீங்ணா.”

“செரி. அப்ப கைய எடுத்துத் தொடமேல வெய்ங்க. பெட்டி அங்கயே நிக்கட்டும். மூச்சு விடுங்க.”

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “யாரும் கத்தாதீங்க.” குரல் உயரவில்லை, ஆனாலும் அடங்கிவிட்டோம். இன்ஜின் சத்தத்திலும் காற்றிலும் மாடியில் பேசுவது கீழே சரியாகக் கேட்காது. அதனால் எங்களைப் படிக்கட்டில் நிறுத்தினார். என்னை மாடிக்கதவில், மேனேஜரை நடுப்படியில், மேஸ்திரியை அதற்குக் கீழே. வாசலுக்கு ஆள் குறைந்தது. “நான் நிக்கறேங்க,” என்று டீச்சர் வந்தார். மகன் சொல்வதை அப்படியே கீழே சொல்லவேண்டும். மேல, கீழ, உள்ள, நில்லு. வேறு ஒரு வார்த்தையும் கூடாது.

நான் மாடிக்கதவில் போய் நின்றேன். பத்தடிக்கு அப்பால் மகன் நிழலாகத் தெரிந்தான்; ஏற்பாட்டை அவனிடம் சொன்னேன். கயிற்றை இடுப்பில் சுற்றி, உத்திரத்தில் காலை உதைத்துப் பின்னால் சாய்ந்து நின்றான். காற்று ஓய்ந்து பெட்டி அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு சொன்னான்.

“மேல.”

மேல, என்றேன். எனக்குக் கீழே மேனேஜர் சொன்னார், அவருக்குக் கீழே மேஸ்திரி. கடைசியில் டீச்சரின் குரல். பெட்டி ஒரு முழம் எழுந்தது.

“நில்லு… உள்ள… இன்னும் உள்ள… நில்லு.”

வெள்ளைக்குள்ளிருந்து அந்தப் பெட்டி கருப்பாக முளைத்து வந்தபோது நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மகனின் தலைக்கு மேலே அது மெல்லத் திரும்பியது. கயிறு அவன் கையில் வழுக்கியது. அவன் விடவில்லை. “கீழ,” என்றான், கிட்டத்தட்ட அழுகைபோல. கீழ, கீழ, கீழ என்று அந்தச் சொல் படியிறங்கிப் போவது கேட்டது. இரும்பும் இரும்பும் உரசின. எங்கள் ஆட்கள் பாய்ந்து முடுக்கினார்கள்.

“உக்காந்துருச்சு.”

அந்தச் சொல்லைக் கீழே அனுப்பும்போது என் குரல் உடைந்துவிட்டது. மேனேஜர் இரண்டாவது முறை கேட்டார்.

நாங்கள் இறங்கி வந்தபோது கிரேன்காரன் சாலையோரத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவர் அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். மகனைப் பார்த்ததும் நிமிர்ந்தார். மகன் நேராக அவர் முன்னால் வந்து நின்றான். அத்தனை பேர் இருந்தோம். அவன் யாரையும் பார்க்கவில்லை.

“அப்பா, மேல ரொம்பப் பயந்துட்டேன்ப்பா.”

அவர் அவன் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்து இரண்டு கையையும் சேர்த்துச் சுற்றினார்.

பிறகு தையல் வகுப்புக்குப் போனார். கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகப் பனி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. சுவரோரத்துத் தையல் மெஷின் ஒன்று குப்புறக் கிடந்தது. அதன் முக்காலியின் மேல் செங்கற்கள். டீச்சர் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் அவரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். உதடு மட்டும் அசைந்தது.

டீச்சருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. “உள்ள யாருமில்லீங்க,” என்றார் கரகரத்த குரலில். “எல்லாரும் இங்கதான் நிக்கறோம். பாருங்க.”

அவர் திரும்பினார். நீலப் பாவாடைகளை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். பனியில் முகங்கள் சரியாகத் தெரியவில்லை. அவர் கிட்டே போய், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.